டின்னில் வந்தால் சுத்தம்

ரீஃப்ரைட் பீன்ஸ் சைவமா என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். டின்னைத் திருப்புங்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மரக்கறி எண்ணெய் என்றிருந்தால் சைவம். லார்ட் என்றிருந்தால் அது பன்றிக் கொழுப்பு, அதாவது மச்சம். மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து நாங்கள் சொல்லும் சொல் அது. இரண்டு வகை டின்னும் கடையில் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்கும். முன்பக்கத்தில் இரண்டிலும் ஒரே அவரை விதைப் படம். விஷயம் அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம் ஒரு மனுஷியின் வயிற்றை எத்தனை வருஷம் எரிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நானாகவே சொல்கிறேன்.

என் மகள் யுனிவர்சிட்டியில் படிக்கும்போது ஒரு பையனை விரும்பினாள். நல்ல பையன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். எனக்கும் கணவருக்கும் மறுப்பில்லை. பையனுக்கு அப்பா இல்லை. அம்மாதான் தனியாக நின்று வளர்த்தவர். அவர் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தார். குரல் இனிமையாக இருந்தது. தன்னை அக்கா என்று கூப்பிடச் சொன்னார். என்னைத் தங்கச்சி என்றார்.

“தங்கச்சி, நீங்கள் ஊரிலை எந்த இடம்?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

“அங்கை எவடம்?”

அதையும் சொன்னேன்.

“பள்ளிக்கூடத்துக்கு இங்காலையோ, அங்காலையோ?”

இந்தக் கேள்வி எதற்கு என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊரின் பெயர் போதாது, தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கையின் பெயரும் போதாது, ஒழுங்கையில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் என்ன சாதி என்று தெரியும். வாயைத் திறந்து சாதியைக் கேட்பது நாகரிகமில்லையாம், ஆகவே பக்கத்தைக் கேட்பார்கள். “அங்காலை, அக்கா” என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். “ஓம், ஓம், இருக்கிறன்” என்றார். பிறகு அந்த வருஷத்துக் குளிரைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வைத்தார்.

ஆனாலும் கலியாணம் நடந்தது. பையன் ஒரே பிடியாக நின்றான். தாயும் அழுது, பிறகு சமாதானமாகி, கூறைச் சேலை எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கலியாண ஹோலில் தடபுடலாகச் செய்தோம். சமைத்தது கேட்டரிங்காரர் என்பதால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தப் படம் என் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. சம்பந்தியம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பேருக்கும் வாய் கொள்ளாத சிரிப்பு. கனடாவுக்கு வந்ததோடு அந்தச் சாதிப் பேய் ஒழிந்தது என்று உண்மையாகவே நம்பினேன். என்னைப்போல ஒரு கெட்டிக்காரி இருக்க முடியாது.

கலியாணத்துக்குப் பிறகு சம்பந்தியம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். நாங்கள் மீனும் நண்டும் இல்லாமல் இருக்கமாட்டோம். மச்சம் காய்ச்சிய சட்டியில் சைவக்காரருக்குச் சமைப்பது சரியில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். அதனால் மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸைக் கிட்டத்தட்டக் கோயிலாக்கினேன். புதுச் சட்டி, பொரிக்கிறதுக்குப் புதுத் தாச்சி, புது அகப்பை, புதுக் கோப்பைகள். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் மீன் வாசமே இல்லை. கணவர் வேலையிடத்தில் மீன் ரோல் வாங்கித் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார், பாவம். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் குழம்பு, பருப்பு, வல்லாரைச் சம்பல், ரசம், பாயசம் எல்லாம் செய்தேன். வாழையிலையும் தேடி வாங்கிவந்தேன்.

சம்பந்தியம்மா மகனோடும் என் மகளோடும் வந்தார். சோபாவில் உட்கார்ந்து மேசையைப் பார்த்தார்.

“ஐயோ தங்கச்சி, எனக்கு இண்டைக்கு விரதமெல்லே. சொல்ல மறந்துபோனன்.”

“பாயசமாவது குடியுங்கோ, அக்கா.”

“வேண்டாம், வேண்டாம். குளிரா ஒரு சோடா டின் இருந்தால் தாங்கோ, காணும்.”

ஒரு ஜிஞ்சர் ஏல் டின்னைக் கண்ணாடிக் கிளாஸோடு கொண்டுபோய் வைத்தேன். கிளாஸை ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து டின்னின் மேல்பக்கத்தைச் சுற்றிவரத் துடைத்தார். தானே உடைத்து, டின்னோடு வாய்வைத்துக் குடித்தார். பாயசம் ஆகாது, ஜிஞ்சர் ஏல் ஆகும் என்கிற விரதத்தை நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. மகளும் மருமகனும் மட்டும் இலைபோட்டுச் சாப்பிட்டார்கள்.

அடுத்த முறை வந்தபோது இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். அதற்கடுத்த முறை வயிறு சரியில்லையாம். பிறகு சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்றார். தேத்தண்ணியைச் சீனி போடாமல் தருகிறேன் என்றேன். அந்தச் சீனி வருத்தத்துக்குத் தேத்தண்ணி ஒத்துக்கொள்ளாது, சோடா ஒத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதே டிஷ்யூ, அதே துடைப்பு. கணவர் “விடப்பா” என்றார். அவர் எதையும் விட்டுவிடுவார். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை.

டின்னைத் துடைக்கிற அந்தக் கையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். ஊரில் என் அப்பாவிடம் வேலை சொல்ல வருகிற மேல்சாதிக்காரர் வாசல் படலைக்கு வெளியே நிற்பார்கள். அப்பா சந்திக் கடைக்கு ஓடிப்போய் அவர்களுக்குச் சோடா வாங்கிவருவார். மூடி திறக்காத போத்தலாக இருக்க வேண்டும், அவர்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, எங்கள் கோப்பை ஆகாது, எங்கோ தொழிற்சாலையில் அடைத்த போத்தல் ஆகும். அதில் எங்கள் கை படவில்லை அல்லவா. அந்தப் போத்தல்தான் பிளேன் ஏறி வந்து, டின்னாக மாறி, மல்வேர்னில் என் சோபாவில் இருந்தது. சைவம், விரதம், சீனி எல்லாம் மேலே போட்ட போர்வை. இது விளங்கிய அன்று குசினியில் நின்று புதுத் தாச்சியை ஓங்கித் தரையில் அடித்தேன். நல்ல தாச்சி, ஒன்றும் ஆகவில்லை.

வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாத ஒருவரிடம் போய் எதைக் கேட்பது? கேட்டால் “சீச்சீ, அப்பிடியெல்லாம் இல்லைத் தங்கச்சி” என்பார். பிறகு நான்தான் வாயாடி, நான்தான் சாதியை இழுத்தவள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மனுஷி என் வீட்டில் என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். சோறு வேண்டாம், ஒரு மிடறு தேத்தண்ணி போதும். இதைப்போய் ஒரு ஆசையென்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருந்தது, நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என் மகள் அந்த வீட்டில் சமைக்கிறாள். சம்பந்தியம்மா சாப்பிடுகிறார், ருசித்துச் சாப்பிடுகிறார். “அவள் இப்ப எங்கடை வீட்டுப் பிள்ளையெல்லே” என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். என் வயிற்றில் பிறந்து, என் குசினியில் கறி வைக்கப் பழகிய கைதான் அது. கழுத்தில் தாலிக்கொடி ஏறியதும் கை சுத்தமாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அவளைத் தங்கமாகத்தான் வைத்திருந்தார். பேத்தி பிறந்தபோது பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுத்ததும், மகளுக்கு வெந்நீர் வார்த்ததும் அவர்தான். கெட்ட மனுஷியாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரேயடியாக வெறுத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.

இனி டிப் என்று ஒரு தொட்டுத் தின்னும் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மாவின் டிப் என்றால் எங்கள் சொந்தக்காரர் நடுவில் பெரிய பெயர். ஒரு கண்ணாடித் தட்டில் அடியில் மண்ணிறப் பசை, அதன்மேல் மசித்த அவகாடோ, அதன்மேல் புளித்த கிரீம், சீஸ், தக்காளி, வெங்காயத்தாள். சோளச் சிப்ஸால் அள்ளித் தின்ன வேண்டும். வேலையிடத்தில் யாரிடமோ செய்யப் பழகினாராம். அடியில் கிடக்கும் அந்தப் பசைதான் ரீஃப்ரைட் பீன்ஸ். மெக்சிக்கோக்காரரின் சாப்பாடு, அவரை விதையை அவித்து மசித்துக் கொழுப்பில் வதக்குவது. டின்னைத் திறந்தால் முதல்நாள் பருப்புக்கறி ஃப்ரிட்ஜில் இறுகியதுபோல இருக்கும். சம்பந்தியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போவார். “பயப்பிடாமல் எடுங்கோ, சுத்த சைவம். முட்டைகூட இல்லை.” வெள்ளிக்கிழமையும் செய்வார், கோயில் பஜனைக்கும் செய்து கொண்டுபோவார். நானும் அள்ளி அள்ளித் தின்றிருக்கிறேன். ருசியைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

பேத்தியின் பிறந்தநாள் அவர்கள் வீட்டில் நடந்தது. நான் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டு போனேன். பயறு வறுத்துத் திரித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துப் பிடித்து, மாவில் தோய்த்து, அந்தப் புதுத் தாச்சியில் புது எண்ணெய் விட்டுச் சுட்டது. சம்பந்தியம்மா இரண்டு கையாலும் வாங்கினார். “ஐயோ, ஏன் தங்கச்சி கஷ்டப்பட்டனீங்கள்?” பெட்டி ஃப்ரிட்ஜின் மேலே போனது. கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், டிப் இரண்டு தட்டு முடிந்தது, மூன்றாம் தட்டும் வந்தது. பெட்டி மட்டும் மேசைக்கு வரவில்லை. நான் ஒரு கண்ணை ஃப்ரிட்ஜின் மேலேயே வைத்திருந்தேன்.

சனத்தை வாசலில் வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜின் மேலே பெட்டி இல்லை. நான் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன். கழுவாத பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அந்த வீட்டில் நான் பாத்திரம் கழுவுவதற்கு எந்த நாளும் தடை இருந்ததில்லை. அந்தப் பாத்திரத்தில் அவர்கள் சாப்பிடுவதற்கும் தடை இல்லை. நான் சமைத்தால்தான் தீட்டு. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் பீன்ஸ் டின்கள் வரிசையாகக் கிடந்தன. ரீசைக்கிளிங் நீலப் பெட்டிக்குள் டின்னைக் கழுவித்தான் போட வேண்டும் என்பது இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு டின்னை எடுத்து வெந்நீர் விட்டுச் சுழற்றினேன். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைக் கொழுப்பு உருகி விரலில் வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். லார்ட் என்று எழுதியிருந்தது.

எனக்கு லார்டைத் தெரியும். வந்த புதிதில் பார்க்டேலில் இருந்தோம். அங்கே ஒரு பேக்கரியில்தான் என் முதல் வேலை. வெள்ளைக் கட்டியாக, லார்ட் என்று எழுதிய பெட்டியில் வரும், மாவோடு போட்டுப் பிசைவோம். இது என்ன என்று முதல்நாள் கேட்டேன். பக்கத்தில் நின்ற போர்த்துக்கீசப் பெண்ணுக்கும் இங்கிலிஷ் வராது, எனக்கும் வராது. அவள் விரலால் தன் மூக்கை மேலே தள்ளி, பன்றிபோல உறுமிக் காட்டினாள். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்குமா?

ஈரக் கையோடு தக்காளித் தோலை அள்ளி, சாப்பாட்டுக் கழிவு போடுகிற பச்சைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே என் பணியாரம் கிடந்தது. ஒன்றுகூட உடையவில்லை, ஒன்றுகூடக் கடிபடவில்லை, அப்படியே பொன்னிறமாகக் கிடந்தது. மேலே தேயிலைச் சக்கை கொட்டியிருந்தார்கள்.

ஒரு கையில் பன்றிக் கொழுப்பு டின்னோடு, பச்சைப் பெட்டியின் மூடியை மறுகையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வருமென்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. டின்னில் அடைத்திருந்தால் சுத்தம், யாரும் தொடவில்லை என்று நம்பி வாங்கித் தின்றிருக்கிறார். பயறும் சர்க்கரையும் நான் தொட்டதால் குப்பை. முன்னறையில் அவர் பேத்தியை மடியில் வைத்துத் தாலாட்டுவது கேட்டது. நான் டின்னைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, என் கைப்பையில் வைத்தேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து டின்னைக் குசினி ஜன்னலில் வைத்தேன். கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். “உந்த டின்னை எறி. பிள்ளை அங்கை வாழவேணும்” என்றார். அடுத்த கிழமை மகள் வந்தாள். ஜன்னலைப் பார்த்ததும், எழுத்தைப் படித்ததும், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பணியாரம் பச்சைப் பெட்டிக்குப் போனது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பதை அவள் முகத்திலேயே கண்டேன்.

“அம்மா, ப்ளீஸ். டோன்ட் டூ திஸ்.”

“நான் என்ன செய்தனான்?”

“செய்யப்போறீங்கள். ஐ நோ யூ. அவ தெரியாமல் சாப்பிட்டவ அம்மா. உடைஞ்சுபோயிடுவா.”

“உன்ரை அம்மா உடைஞ்சது தெரியேல்லையோ?”

அவள் கார்ச் சாவியை எடுத்தாள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் டின்னை எறியவில்லை. கொஞ்சக் காலம் அதில் கொத்தமல்லித் தண்டு போட்டு வைத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றும் இருந்தது, மகளை நினைத்தால் வாய் அடைத்தும் போனது.

பிறகு கணவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சோபாவில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். சம்பந்தியம்மா பார்க்க வந்தார், மருமகனும் மகளும் கூட. தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார். கணவரின் கையைப் பிடித்து, கந்தனிடம் நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. “அக்கா, தேத்தண்ணி போடுறன்” என்று எழுந்தேன்.

“ஐயோ, நீங்கள் களைச்சிருக்கிறியள், தங்கச்சி. ஒரு சோடா டின் தாங்கோ, காணும்.”

என் மனிதர் செத்துப் பிழைத்து வந்திருக்கிறார், இன்றைக்கும் டின்தானா என்று எனக்குத் தலைக்குமேல் ஏறியது. குசினிக்குப் போனேன். ஜிஞ்சர் ஏல் டின்னை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தேன். ஜன்னலிலிருந்து மற்ற டின்னையும் எடுத்து, கொத்தமல்லியை வெளியே எறிந்துவிட்டு, இரண்டையும் கொண்டுவந்து சம்பந்தியம்மாவுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். மகள் “அம்மா” என்றாள். அதற்குள் மருமகன் டின்னைக் கையில் எடுத்துவிட்டான். படித்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன தம்பி?” என்றார் சம்பந்தியம்மா.

“இதிலை லார்ட் இருக்குது, அம்மா.”

“அதென்ன?”

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். “பண்டிக் கொழுப்பு, அக்கா. நீங்கள் டிப்புக்குப் போடுற டின். பேத்தியின்ரை பிறந்தநாளுக்குப் போட்டது.”

அவர் அந்த டின்னையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பாத்ரூமுக்கு ஓடினார். ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் திறந்துவிட்ட சத்தமும் கேட்டது. மகள் பின்னால் ஓடினாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் நினைத்து நினைத்து இனித்த நேரம் இதுதான், ஆனால் அந்தச் சத்தம் கேட்கக் கேட்க இனிப்பெல்லாம் போய்விட்டது. பாவம், வயசான மனுஷி.

அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கன்னத்து மயிரெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. “கோயிலுக்கும் கொண்டுபோனனே, தங்கச்சி. பஜனைக்குக் குடுத்தனே” என்று அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், முதுகைத் தடவினேன். விலகவில்லை. கை படலாம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

“தெரியாமல் சாப்பிட்டதுக்கு ஒரு குற்றமும் இல்லை, அக்கா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

எழுந்துபோய் இஞ்சி தட்டிப்போட்டு வெறுந்தேத்தண்ணி வைத்தேன். முதல் விருந்துக்கு வாங்கி ஒருவரும் வாய் வைக்காத கோப்பைகளில் ஒன்றை எடுத்தேன். எனக்குள் ஒரு நம்பிக்கை வந்திருந்தது. இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பன்றிக் கொழுப்பே உள்ளே போய்விட்டது, இனி என் தேத்தண்ணியா அவரைத் தீட்டாக்கப்போகிறது? கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன்.

“குடியுங்கோ அக்கா, வயிறு ஆறும்.”

அவர் கோப்பையைப் பார்த்தார். ஆவி முகத்தில் படும் தூரத்தில் பிடித்திருந்தேன்.

“வேண்டாம், தங்கச்சி.”

“ஏன் அக்கா?” முதல்முறையாகக் கேட்டேன். “அதையே சாப்பிட்டிட்டியள். என்ரை தேத்தண்ணி குடிக்கக் கூடாதோ?”

சம்பந்தியம்மா கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில், ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள். அது தெரியாமல் சாப்பிட்டது. இது தெரியுமெல்லே.”

பிறகு கைப்பையைத் திறந்து டிஷ்யூவை எடுத்தார். ஜிஞ்சர் ஏல் டின்னைச் சுற்றிவரத் துடைத்தார். மருமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் சுவரில் இருந்த கலியாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தத் தேத்தண்ணியைத் தொட்டியில் ஊற்றவில்லை. அவர் முன்னால் நின்றபடியே நானே குடித்தேன். நாக்குப் பொத்துப்போனது, கடைசித் துளிவரை குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் கோயிலில் ஐயரைக் கேட்டு, ஏதோ அபிஷேகம் செய்து, தோஷத்தைக் கழித்துவிட்டதாக மகள் சொன்னாள். பன்றிக்குக் கழிப்பு இருக்கிறது. டிப்பும் நிற்கவில்லை. மரக்கறி எண்ணெய் டின் தேடிப்பிடித்து அதே தட்டில் அதே டிப் செய்கிறார், அதே சுத்த சைவம்தான். ஆனால் இப்போது எந்த டின்னைப் பார்த்தாலும் பயம். மகன் வேலையில் இருப்பான். ஆகவே கடையில் நின்று டின்னின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். “தங்கச்சி, பேக்கரியிலை வேலை செய்த உங்களுக்குத்தான் உதுகள் தெரியும். இது சைவமோ?” ஸ்காபரோவில் ஒரு சைவக்காரரின் வாய்க்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் உத்தியோகம் இப்போது என்னுடையது.

ஒருநாள் ஒரு தயிர்க் கோப்பையின் படம் வந்தது. அதில் ஜெலட்டின் இருந்தது, மாட்டின் எலும்போ பன்றியின் தோலோ காய்ச்சி எடுப்பது. “சைவம்தான் அக்கா, வாங்குங்கோ” என்று எழுதினேன். விரலை அனுப்பும் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு அழித்துவிட்டு, “வேண்டாம், அதிலை ஜெலட்டின் இருக்கு” என்று அனுப்பினேன். எனக்கு நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னிடமிருந்து போகும் ஒன்றே ஒன்றை, என் சொல்லை நம்பித்தான் அவர் சாப்பிடுகிறார். அதையும் பழுதாக்க மனம் வரவில்லை. இப்படி ஒரு அற்ப ஆசையில் தொங்கிக்கொண்டிருக்கிறேனே என்று என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

நேற்றும் ஒரு படம் வந்தது. பீன்ஸ் டின்தான். பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு, சைவம்தான் என்று பதில் போட்டேன். ஒரு சிவப்பு இதயம் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை என் கணவரைப் பார்க்க வருகிறாராம். வீட்டில் ஜிஞ்சர் ஏல் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.